வேகத்தடைக்கு ஒரு துண்டு வார்த்தை

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமல்லபுரத்தில் வண்டிகளை நிறுத்தும் இடத்தில் நடந்தது இது.

நான் மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரி கிளீனராகப் போனவன். இங்கிலீஷில் வாயில் நுழையாத நீள வார்த்தைகள் நான்கைந்து எனக்கு மனப்பாடம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் என் மகள்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற ஆள். காஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருவேன். பஸ்ஸைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். மகள் சின்னவளாக இருந்தபோது படாளத்திலிருந்து மதுராந்தகத்துப் பள்ளிக்கூடத்துக்கு மொபெட்டில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். லாரியிலேயே வளர்ந்தவன்தான். ஆனாலும் பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது எதிரே வரும் லாரி எமனாகத் தெரியும். அதனால் பெரிய ரோட்டை முடிந்தவரை விட்டுவிட்டு ஊர்களுக்குள் புகுந்து போவேன். அந்த வழி முழுக்க வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தித்தான் ஏற்றி இறக்குவேன். சைக்கிளில் போகிற பிள்ளைகள் எங்களைத் தாண்டிப் போகும்.

"இன்னாப்பா நீ, நடந்தே போயிருக்கலாம்" என்று முதுகில் குத்துவாள்.

அப்போது அவளுக்கு நீள வார்த்தைகள் மேல் பைத்தியம். பள்ளியில் ஏதோ போட்டிக்காக ஆரம்பித்தது, போட்டி முடிந்தும் விடவில்லை. ஒரே மூச்சில் சொல்ல வராததால் வேகத்தடைக்கு ஒரு துண்டாக உடைத்துச் சொல்வாள். வண்டி ஏறி இறங்கும்போது 'ஃப்ளாக்ஸி' என்பாள். அடுத்ததில் 'நாசி'. அப்புறம் 'நிஹிலி', 'பிலி'. கடைசியில் ஒரு பெரிய மேடு, வாய்க்கால் பாலத்தை ஒட்டி. அங்கே 'ஃபிகேஷன்' என்று கத்துவாள். நானும் கூடவே சொல்லிப் பழகிவிட்டேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒன்றை எதற்கும் லாயக்கில்லை என்று நினைப்பதாம்.

"அட, ஒண்ணுத்துக்கும் ஆவாததுக்கா இவ்ளோ நீட்டம்?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. எனக்கு அதுவும் பயமாகிவிட்டது.

பிறகு என் பயங்களுக்கெல்லாம் பெயர் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். இடி இடித்தால் டி.வி. ஒயரைப் பிடுங்குவேன், அதற்கு ஒரு பெயர். மொட்டை மாடி ஓரத்துக்குப் போக மாட்டேன், அதற்கு ஒன்று. கடலைக் கண்டால் ஆகாது, அதற்கு 'தலாஸோஃபோபியா'. நீள வார்த்தையைக் கண்டு பயப்படுவதற்கே ஒரு பெயர் இருக்கிறதாம். அதுதான் எல்லாவற்றிலும் நீளம்: ஹிப்போபொட்டோ மான்ஸ்ட்ரோ செஸ்க்விபெடாலியோ ஃபோபியா. பயந்தவனை மேலும் பயமுறுத்தவே வைத்தது போல.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பெயர் தெரிந்த பயம் கொஞ்சம் சின்னதாகிவிடுகிறது. நமக்கு மட்டும் வந்ததல்ல, எங்கோ யாருக்கோ வந்து அதற்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஆகியிருக்கிறது என்று ஒரு ஆறுதல்.

அந்த மகள் படித்து, வேலை கிடைத்து, பனி பெய்யும் ஒரு தேசத்துக்குப் போய்விட்டாள். முதலில் தினமும் பேசினாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. அங்கே விடிந்தால் இங்கே சாயங்காலம், நான் பஸ்ஸில் இருப்பேன். நீள நீளமாகப் பேசியவள் 'ம்', 'சரிப்பா', 'அப்புறம் பேசறேன்' என்று குட்டி வார்த்தைகளுக்கு வந்துவிட்டாள். கோபம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேலை. எனக்கும் அவளிடம் கேட்க, "சாப்டியா" என்பதற்கு மேல் எதுவும் தோன்றுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் வேலை செய்யும் பெண்களை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். அவர்கள் கடலுக்கு ஓடினார்கள். "வா அண்ணாத்த, அலை ஒண்ணும் ஒன்ன கடிச்சிடாது" என்று கேலி செய்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பஸ் படியில் உட்கார்ந்தேன். கையில் போன். நாலைந்து நாளாக மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியதெல்லாம் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தது. முதல் நாள்தான் டி.வி.யில் அந்தப் பக்கம் பனிப்புயல் என்று காட்டினார்கள். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் இரைகிற சத்தம் கேட்டது. இப்படிப்பட்ட கடல்கள் எத்தனை தாண்டி அவள் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போலிருந்தது. மூச்சு பாதியிலேயே நின்றது. போன் மண்ணில் விழுந்தது.

பக்கத்தில் ஒரு பெண் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சுற்றுலா வழிகாட்டி அட்டை. வெளிநாட்டுக்காரர்கள் கோயிலிலிருந்து திரும்புவதற்காகக் காத்திருந்தவர். இளநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாண்ணா, இப்டி வேர்த்துகினு கீது? நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டு, சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக நிற்கச் சொன்னார். "கண்ண மூடாதீங்க. எதுனா பேசுங்க. தோணுறத சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். 'ஃப்ளாக்ஸி' என்றேன். ஒரு மூச்சு. 'நாசி'. இன்னொரு மூச்சு. கண் முன்னே அந்த ஊர்ப்பாதை வந்தது. முதுகில் பள்ளிக்கூடப் பை இடிப்பது போலிருந்தது. பாலத்து மேட்டுக்கு வந்து 'ஃபிகேஷன்' என்று முடிக்கும்போது கயிறு தளர்ந்துவிட்டது.

அந்தப் பெண் வாயைப் பிளந்தார். "யோவ் அண்ணா! இங்கிலீஷ்லயே தினம் பொழைக்கிறேன், எனக்கே இது வராதே. யாரு கத்துக்குடுத்தது?"

சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் எதிரில், ஆட்டோக்காரரும் பார்க்க, இந்த வயதில். அவர் சிரிக்கவில்லை. என் போனை எடுத்து மண்ணைத் துடைத்தார். "சாப்டியான்னு அனுப்பாதீங்கண்ணா. இத சொல்லி அனுப்புங்க" என்று குரல் பதிவை அழுத்தி என் முகத்தருகே நீட்டினார். நான் அதே வார்த்தையை மேடு மேடாக நிறுத்திச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அதற்குள் அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

சாயங்காலம் மறைமலைநகரில் எல்லாரையும் இறக்கிவிட்டுப் பஸ்ஸை நிறுத்திய பிறகுதான் போனை எடுக்கத் தைரியம் வந்தது. மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு. வீடு மாறியதாம், புயலில் இணைப்பும் போய்விட்டதாம். அதையெல்லாம் அவள் பிறகுதான் சொன்னாள். முதலில் அந்த வார்த்தையைச் சொன்னாள். துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே வண்டி மேட்டில் ஏறி இறங்கும் நேரம் விட்டு. கடைசித் துண்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம். அது பாலத்து மேடு. உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

உடனே கூப்பிட்டேன். அன்று நீளமாகப் பேசினோம். நடுவில் கேட்டேன்: "ஏம்மா, என் பயத்துக்கெல்லாம் பேரு வச்சியே. புள்ள தூரத்துல கீதேன்னு அல்லாடுறதுக்கு இன்னா பேரு?"

அவள் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"தேடிட்டேம்பா. கெடைக்கல" என்றாள். "வீட்ட விட்டு வந்தவ அல்லாடுறதுக்கு இன்னா பேருன்னும் தேடினேன். அதுவும் கெடைக்கல."

மறுநாள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பார்த்தேன். இதயத்தில் கோளாறு இல்லை, கவலைதான் என்றார்கள். கவலை இன்னும் போகவில்லை. மாமல்லபுரத்துக்கு எப்போது சவாரி போனாலும் அந்த வழிகாட்டிப் பெண் தென்படுகிறாரா என்று இளநீர்க் கடைப் பக்கம் பார்க்கிறேன். தென்பட்டதில்லை. படாளம் பக்கத்து ஆட்களை ஏற்றிவர தினமும் அதே பழைய ஊர்ப்பாதையில்தான் போகிறேன்; வேகத்தடைகளில் பஸ்ஸை மெல்ல ஏற்றும்போது என் உதடு அசைவதைப் பார்த்து, டிரைவர் மந்திரம் சொல்கிறார் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை, பாலத்து மேட்டில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல் அந்தக் கடைசித் துண்டைக் கத்தட்டும் என்று.