ரோசம்மாவின் பேச்சு

அதியமான்கோட்டையில் சேலம் ரோட்டை ஒட்டி, லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது. பழைய லாரி பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தகடுகளை உருக்கிப் பாளமாக்கி விற்கிற இடம். 1964-இல் அது தொடங்கியபோது முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் யாகப்பனும் அவன் மனைவி பாக்கியமேரியும் உண்டு. அதுவரை இருவரும் மானாவாரிக் காடுகளில் கூலிக்குப் போனவர்கள். மழை பொய்த்தால் வேலை இல்லை. கொட்டகையில் மழையும் வெயிலும் ஒன்றுதான்.

யாகப்பனுக்கு அடுப்பு வேலை. இரும்புக் கடாயில் தகடுகளைக் கொட்டி, உருகியதும் மேலே மிதக்கும் கசடை நீளக் கரண்டியால் வழித்துத் தள்ள வேண்டும். பாக்கியமேரியும் செல்லி என்கிற பக்கத்துத் தெருப் பெண்ணும் வெளியில் உட்கார்ந்து சுத்தியலால் பேட்டரிகளை உடைப்பார்கள். ஆசிட் பட்டு இருவர் சேலையிலும் ஓட்டை விழுந்தது. புகை கீழே இறங்குகிற நாட்களில் நாக்கில் லேசாக ஒரு தித்திப்பு ஒட்டும். அதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

கொட்டகை தொடங்கிய அதே வருடம்தான் ரோசம்மா பிறந்தாள். ஒன்றே கால் வயதில் பேச ஆரம்பித்தவள் அதன் பிறகு நிறுத்தவே இல்லை. எந்தக் கோழி எந்த வீட்டில் முட்டையிட்டது, பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எத்தனை முறை இருமினார், செல்லியின் ஆடு ஏன் கோபமாக இருக்கிறது, எல்லாவற்றையும் வந்து சொல்வாள். நடந்தது பாதி, அவளாகச் சேர்த்தது பாதி. வேலை முடிந்து களைத்து வரும் யாகப்பன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளை மடியில் வைத்துக்கொள்வான்.

"அப்பறம் என்னா ஆச்சு?" என்பான்.

"அப்பறம் அந்த ஆடு, நான் இனிமே தழ திங்கமாட்டேன், சோறுதான் திம்பேன்னு சொல்லிச்சு" என்பாள் அவள்.

1968 கோடையில் விறகுக்கு வழியில்லாமல் போனது. ஏரிக்கரைக் கருவேல மரங்களை ஏலம் எடுத்தவர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டகையின் பின்புறம் உடைந்த பேட்டரிப் பெட்டிகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கருப்பு ரப்பரால் ஆனவை. தீக்குச்சியைக் காட்டினால் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டு போட்டால் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். முதலாளியைக் கேட்டபோது, எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது காலியாகும் என்றார். பாக்கியமேரி தினமும் ஒரு கூடை எடுத்துப் போனாள். செல்லியும் எடுத்துப் போனாள்.

ஒற்றை அறை வீடு. ஜன்னல் கிடையாது. புகை சுவரிலும் கூரையிலும் படிந்து, பிறகு மெல்லச் சாம்பலாக உதிர்ந்தது. ரோசம்மா அடுப்போரம் உட்கார்ந்து அந்தச் சாம்பலில் விரலால் கோடு போடுவாள், விரலை நக்குவாள்.

"அம்மா, இது தித்திக்கிது" என்றாள் ஒரு நாள்.

"சாம்பலு எங்காச்சும் தித்திக்குமா? கைய எடு" என்றாள் பாக்கியமேரி, சிரித்துக்கொண்டே.

ஆடி மாதம் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பேச்சு குறைந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அதையும் பாதியில் விட்டாள். சோர்வு என்று நினைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பாக்கியமேரி குழம்புக்குக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஏதோ தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. ரோசம்மா விழுந்து கிடந்தாள். கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. யாகப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்த லாரியை மறித்து ஏறினான். தருமபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு அம்மா இருந்தார். ஊசி போட்டு வலிப்பை அடக்கிய பிறகு, பிள்ளையின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் வெகு நேரம் பார்த்தார். வெளியே வந்து யாகப்பனைக் கூர்ந்து கவனித்தார்.

"வாயைத் திற" என்றார். ஒரு சிறு கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "பல்லோரமா ஈறில ஒரு கோடு தெரியுதா?"

"வெத்தலக் கறைங்க சிஸ்டர்."

"வெத்தலக் கறை செவப்பா இருக்கும். இது நீலம். என்ன வேலை செய்யற?"

அவன் சொன்னான். அவர் அடுத்தடுத்துக் கேட்டார். வயிறு இழுத்துப் பிடிக்கிறதா, கை சோர்கிறதா, கொட்டகை எவ்வளவு தூரம், பிள்ளை அங்கே வருமா. பிள்ளை வராது என்றார்கள். பிறகு வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். பாக்கியமேரிதான் பதில் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவளுக்கு, தித்திக்கிறது என்று பிள்ளை நீட்டிய விரல் நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னாள்.

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டியில ஈயம் ஊறிக் கெடக்கும்மா. எரிச்சா புகையில வரும், சாம்பல்ல தங்கும். ஒங்க வீட்டுக்காரர் சட்டையிலயும் அதுதான் வருது. பெரியவங்க ஒடம்பு கொஞ்சம் தாங்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு மூளைக்கே போயிரும்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் பாக்கியமேரி.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் சிஸ்டர்.

அன்றே வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே ஈயத்தை உடம்பிலிருந்து இறக்க ஐந்து நாள் ஊசி, பிறகு இடைவெளி விட்டு மறுபடியும் ஐந்து நாள். வலிப்பு நின்றது. ரோசம்மா எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், சோறு தின்றாள். பேச்சு மட்டும் வரவில்லை. அம்மாவைப் பார்ப்பாள், உதடு லேசாக அசையும், அவ்வளவுதான். பாக்கியமேரி கோழிக் கதை, ஆட்டுக் கதை எல்லாம் தானே சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கதை கேட்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

ஊர் திரும்பியதும் யாகப்பன் முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் நம்பவில்லை.

"நானுந்தான்டா இதே பொகையில நிக்கறேன். எனக்கு என்னா ஆச்சு?"

அதைச் சொல்லும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததை யாகப்பன் பார்த்தான். வந்த வழியே திரும்பிவிட்டான்.

பென்னாகரம் பக்கம் மாதப்பன் என்கிற விவசாயி காட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் தேடுவதாகத் தெரியவந்தது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலம். இருக்க ஒரு கூரை வீடு. விறகு காட்டுப் பக்கத்திலேயே. மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். யாகப்பனின் வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. மண்வெட்டி பிடிக்க முடியாது; மாடு ஓட்ட முடிந்தது. மாதப்பன் அதைக் கண்டும் காணாததுபோல இருந்துகொண்டார்.

பாக்கியமேரிக்கு ஒரே ஒரு ஏக்கம்தான் இருந்தது. காலையில் கண் விழித்ததும், அன்றைக்குப் பிள்ளை ஏதாவது சொல்வாளா என்று அவள் வாயைத்தான் முதலில் பார்ப்பாள். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனால், யாருடைய நாலு வயதுப் பெண்ணாவது தொணதொணவென்று பேசிக்கொண்டு போனால், காய் வாங்குவதை விட்டுவிட்டுப் பின்னாலேயே சிறிது தூரம் நடப்பாள். ஒரு முறை அந்தப் பெண்ணின் தாய் திரும்பி, "என்னா வேணும்?" என்று முறைத்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். கனவில் ரோசம்மா பேசுவாள். என்ன சொன்னாள் என்பது மட்டும் விழித்ததும் போய்விடும்.

இதற்கிடையில் செல்லி நினைவு அவளை அரித்தது. செல்லி இன்னும் அதே கொட்டகையில் இருந்தாள்; கைக்குழந்தையோடு இருந்தாள். மறு வருடம் தை மாதம் பாக்கியமேரி பஸ் ஏறிப் போனாள். செல்லியின் அடுப்பில் கருப்புத் துண்டு எரிந்துகொண்டிருந்தது. பாக்கியமேரி எதுவும் கேட்காமல் குனிந்து, அதை வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"மேரிக்கா, ஒலையில அரிசி வெந்துகிட்டு இருக்குது" என்றாள் செல்லி, அதிர்ந்துபோய்.

"ரோசம்மாளுக்கு என்னா ஆச்சுன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும். எங்க ஆடுகூட கொட்டகைக்குப் பின்னால ஆசிட் ஊத்தற குழியில தண்ணி குடிச்சிட்டுத்தான் செத்துச்சு. எல்லாந் தெரியும். நான் எதப் போட்டு எரிக்கறது? நீ வெறகு குடுப்பியா?"

பாக்கியமேரி பஸ் ஏறித் திரும்பினாள். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை வந்தது. அடுத்த வாரம் காய்ந்த சுள்ளியும் உடைந்த கிளையும் பொறுக்கிப் பெரிய கட்டாகக் கட்டினாள். பஸ் கண்டக்டர் குப்புராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கூரைமேல் போடச் சொன்னார். அதியமான்கோட்டை போகும் பஸ்ஸில் மாற்றிவிடவும் ஆள் பிடித்துக் கொடுத்தார். மாதம் இரண்டு கட்டு, நான்கு வருடம். மழைக்காலத்தில் ஈரமாகப் போய்ச் சேர்ந்தது என்று செல்லி சொல்லி அனுப்புவாள். அடுத்த கட்டு சாக்குப் போர்த்திப் போகும். 1973-இல் செல்லியின் புருஷனுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். செல்லியின் மகள் கண்ணம்மாள் அதற்குள் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். ஊரைவிட்டுப் போகுமுன் அவளை அழைத்து வந்து காட்டிவிட்டுப் போனாள் செல்லி. அந்தப் பெண் ஒன்றிலிருந்து நூறுவரை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பாக்கியமேரி அவளை அணைத்து முத்தமிட்டாள். பிறகு தண்ணீர் எடுத்துவரப் போகிறேன் என்று வீட்டுப் பின்புறம் போய் வெகு நேரம் வரவில்லை.

இதற்கு நடுவே, 1971-இல், பாக்கியமேரிக்கு ஒரு மகன் பிறந்தான், இன்னாசிராஜ். வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் பயந்துகொண்டே இருந்தாள். பையன் நல்லபடியாக இருந்தான். அவன் பேசத் தொடங்கிய நேரத்தில்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஒன்றரை வயதுப் பையன் காக்கையைக் காட்டி "கா" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயது ரோசம்மா தம்பியின் வாயையே பார்த்தாள். பிறகு, தொண்டையைத் தேய்த்துக்கொண்டு வருகிற குரலில், "கா" என்றாள்.

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த யாகப்பன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

அதன் பிறகு தம்பி கற்கிற ஒவ்வொரு சொல்லையும் அக்காவும் கற்றாள். பால், தண்ணி, வா, போ, அம்மா. இரண்டு வருடம் இருவரும் சமமாக வந்தார்கள். பாக்கியமேரி வேலையின் நடுவே நின்று நின்று கேட்பாள். பழைய பெண் வருகிறாள் என்று நம்பினாள். பிறகு தம்பி வாக்கியமாகப் பேசத் தொடங்கினான், கேள்வி கேட்டான், பொய் சொன்னான். ரோசம்மா சொற்களோடு நின்றுவிட்டாள். அவன் பள்ளிக்கூடம் போனபோது வாசலில் நின்று, "போ, வா, போ, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

1979 ஆவணியில் டாக்டர் சிஸ்டர் பென்னாகரம் வழியாக ஒரு கிராமத்துக்குப் போகிறவர், தேடி விசாரித்துக் காட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கடலை பிடுங்குகிற நேரம். ரோசம்மாவுக்குப் பதினைந்து வயது. வேகமாக, சீராகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவள் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார், ஈறு பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கா. ஒடம்புக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார் பாக்கியமேரியிடம். "இனிமே பெருசா ஒண்ணும் மாறாது. அதையும் சொல்லிடணும்."

"தெரியுங்க." பாக்கியமேரி கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். "ஒண்ணு கேக்கணுங்க சிஸ்டர். கேட்டா பைத்தியக்காரின்னு நெனைப்பீங்க."

"கேளும்மா."

"அவ அப்பிடியே இருந்திருந்தா, இன்னிக்கு அவ கொரலு எப்பிடி இருக்கும்? நாலு வயசுக் கொரலுதான் எனக்குத் தெரியும். இப்ப வயசுப் பொண்ணு. எப்பிடிப் பேசுவான்னு நெனைச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

பிறகு இருவரும் வரப்போரம் உட்கார்ந்தார்கள். மேற்கே காவிரிப் பக்கம் வானம் இருண்டு வந்தது. பிடுங்கிப் போட்ட செடி எல்லாம் வரப்பில் கிடந்தது. நனைந்தால் காய் முளைத்துவிடும். முதலில் பார்த்தவள் ரோசம்மாதான்.

"மழ" என்றாள். யாரும் அசையாததைக் கண்டு கையை வீசி, "அம்மா, மழ, வா" என்றாள்.

பாக்கியமேரி எழுந்தாள். யாகப்பன் நல்ல கையால் சாக்கை இழுத்து வந்தான். சிஸ்டரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கை நிறையச் செடியை அள்ளினார். முதல் துளிகள் விழுவதற்குள் பாதிக்கு மேல் கூரைக்குள் போய்விட்டது.