அடைத்த துளை

வேட்டைத் துப்பாக்கி என்றுதான் ஐரோப்பிய நகரமான விபோர்க்கில் உள்ள எங்கள் பழம்பொருள் பட்டறைக்கு அது வந்தது. எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது, இடப்பக்க இரும்பில் சிறிய வட்டம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. தொலைநோக்கி பூட்டியிருந்த துளையை யாரோ அடைத்து, அரத்தால் ராவியிருந்தார்கள். ஒரு காலத்தில் இது, மறைந்திருந்து ஆட்களைச் சுட்ட இராணுவத் துப்பாக்கி.

என் விரலுக்கு அந்த வட்டம் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரிலும் ஒன்று இருந்தது. அன்று அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். என்னைத் தூக்கக் குனிந்தார். அவர் தலை இருந்த இடத்தில் சுவர் உதிர்ந்தது. அம்மா அன்றைக்கே சீமெந்து குழைத்து அடைத்து, மேலே கலண்டரைத் தொங்கவிட்டார். வருஷா வருஷம் கலண்டர் மாற்றும்போது அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார். நான் தடவிப் பார்ப்பேன்.

“அதில கை வைக்காத பிள்ளை,” என்பார் அம்மா.

என்னோடு வேலை செய்யும் லார்ஸுக்கு, அரிய துப்பாக்கி ஒன்று கிடைத்த சந்தோஷம் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தக் காலத்துத் தொலைநோக்கி ஒன்றை எடுத்து, கண்ணாடி தெளிவா என்று பார்க்கச் சொன்னார். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். குறிபார்க்கும் கோடுகளுக்கு நடுவே, எதிர்க் கட்டடத்தில் ஒருவர் கோப்பிக் கோப்பையோடு நின்றார்.

“குனியுங்கோ,” என்றேன், தமிழில்.