பழப்புளி போட்டுத் துலக்கிய வெண்கலக் கதவு

தெரு நடுவே ஓடும் ஸ்ரீட்கார் தண்டவாளத்தை ஒட்டிக் கிழக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஹெல்மெற் கையில் இருந்தது. மதியச் சாப்பாடு பையில் அப்படியே இருந்தது. பின்னால் அண்ணை ஓடிவந்தார்.

"நில்லடா! உப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் உன்னைக் கேட்டது?"

"திரும்பிப் போங்கோ அண்ணை. பிறேக் முடியப்போகுது."

அண்ணை எனக்குச் சொந்தமில்லை. டோர்செட் பார்க்கில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே இடத்தில் வேலை செய்தோம். நான் அக்கா என்று சொல்லும் அவருடைய மனைவி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தொலைபேசிச் சத்தமும் இல்லை. அன்று காலை ரேடியோவில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் கட்டடத்துச் சனம் பாதி பதாகைகளோடு நகரத்துத் தெருக்களில் நின்றது. அண்ணை வேலைக்கு வந்தார். மனைவி உயிரோடு ஏதாவது முகாமில் இருந்தால் ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட வேண்டும், அதற்கு நிரந்தர வேலையும் வேலைக் கடிதமும் வேண்டும் என்று எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

வேலை ஒரு பழைய வங்கிக் கட்டடத்தைக் கழுவுவது. முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில் கட்டியது. முகப்பில் பெரிய கல் தூண்கள், நடுவில் இரண்டு ஆள் உயரத்தில் வெண்கலக் கதவு. கதவில் கட்டம் கட்டமாகச் சிற்பம்: கப்பல், ரயில், கோதுமைக் கட்டோடு ஒரு பெண். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீன் வெட்டியிருக்கிறேன், டயர் மாற்றியிருக்கிறேன், ஓர் இடத்திலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. இந்த வேலைக்கு மட்டும் நேரத்துக்கு முன்பே போய் நின்றேன். ஏனென்று கேட்டால் தெரியாது. அந்தத் தூண்களுக்குக் கீழே நிற்கப் பிடித்திருந்தது.

கதவைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து ஈரம் ஒற்றினால் போதும் என்று சுப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆனால் கதவு கறுத்துக் கிடந்தது அண்ணைக்குப் பல நாளாகவே பொறுக்கவில்லை. வீட்டில் விளக்குக் கறுத்தால் பழப்புளி போட்டு உரஞ்சாமல் விடுவோமா? அன்று சாப்பாட்டுப் பையில் புளியும் கொண்டுவந்திருந்தார். தூண் கழுவும் சாரத்திலிருந்து நான் இறங்கியபோது கோதுமைப் பெண் கோயில் விளக்குப் போலப் பளபளத்துக்கொண்டிருந்தாள்.

"பார், இப்பதான் மனிசிக்கு முகம் தெரியுது."

உண்மையைச் சொன்னால் எனக்கும் வடிவாகத்தான் தெரிந்தது.

சுப்பர்வைசர் வந்து பார்த்து நின்றார். முதலில் கத்தவில்லை. அந்தக் கபிலமும் பச்சையும் அழுக்கல்ல என்றார். சிற்பத்தைச் செய்தவன் மருந்தும் நெருப்பும் வைத்து ஏற்றிய நிறம், அதன்மேல் இத்தனை வருடக் காற்றும் மழையும் பட்டு வந்தது, இனி என்ன பூசினாலும் அந்த ஒரு கட்டம் மற்றவற்றோடு சேராது என்றார். அதற்குப் பிறகுதான் கத்தினார். யார் செய்தது?

நான் என்றேன். உடனே போகச் சொன்னார். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. எனக்குக் கூப்பிட ஆளில்லை, கடிதமும் வேண்டாம். ஆனால் அந்த வேலையை விட்டு வந்தது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு நடந்தபோதுதான் அண்ணை பின்னால் ஓடிவந்தார்.

"செய்தது நான். நீ ஏன் போறாய்?"

"அக்காவைக் கூப்பிட வேணுமோ வேண்டாமோ? போய் வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். நான் பஸ் ஏறினேன்.

வேலை முடியும் நேரத்துக்கு முன்பே அண்ணை அறைக்கு வந்துவிட்டார்.

"சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"நான்தான் எண்டு. நீ போனாப் பிறகும் அவன் உன்னை ஏசிக்கொண்டே நிண்டவன். கேட்டுக்கொண்டு நிக்கேலாமல் போச்சு."

"அப்ப?"

"அப்ப என்ன, ரெண்டு பேரும் நாளைக்கு வரவேண்டாமாம்."

எனக்கு விசர் பிடித்தது. "அக்காவைக் கூப்பிட என்னத்தைக் காட்டப்போறியள்? பழப்புளிப் பைக்கற்றையோ?" என்று கத்தினேன். அவர் தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வெக்ஸ்போர்டில் நாட்கூலிக்கு ஆள் ஏற்றும் வான் வண்டிக்கு இருவரும் போனோம். அந்தக் காலத்துப் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை உடைக்கிறார்கள். கூரை முழுவதும் சுதையில் செய்த பூமாலையும் சங்குமாம், மத்தியானத்துக்குள் அடித்து விழுத்திக் குப்பைத் தொட்டியில் போட வேண்டுமாம்.

"வேலைக் கடிதம் தருவினமோ?" என்று அண்ணை கேட்டார்.

"கையில காசு. கடிதம் கிடிதம் கேக்கிறதெண்டால் இறங்குங்கோ அண்ணை, பின்னால ஆள் நிக்குது" என்றான் சாரதி.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டேன்.