சாஆவில் கிடைத்த விளக்கு மூடி

எங்களிடம் இருப்பது நாற்பது வயதைத் தாண்டிய ஜப்பான் கார். நான்கு கதவு, சின்ன உடம்பு. என் கணவர் அதை செடெனாக் என்ற ஊரில் ஒரு வீட்டுப் பின்புறத்திலிருந்து வாங்கி வந்தார். எஞ்சின், சாயம், இருக்கைத் துணி என்று பெரிய வேலைகள் எல்லாம் இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டன. எங்களை அலைய வைத்தவை சின்னச் சாமான்கள்தான். பின் கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடி ஒன்று இல்லை. கூரையில் இருக்கும் உள்விளக்குக்கு மூடி இல்லை.

கைப்பிடி எப்படியும் கிடைத்துவிடும் என்று நினைத்தோம். மூடிதான் கவலை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் துண்டு அது. நான் செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பிளாஸ்டிக்குக்கு வயதானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெயிலும் பல்பின் சூடும் பட்டுப் பட்டு மஞ்சளாகும், பிறகு மொறமொறவென்று ஆகும், ஒருநாள் விரல் பட்டதும் உடையும். இணையத்தில் தேடி வாங்கிய ஒரு மூடி, தபால் உறையைப் பிரித்தபோது மூன்று துண்டாக இருந்தது. தொழிற்சாலையில் அனுமதி கேட்டு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒன்று செய்து பார்த்தேன். அளவு சரியாக வந்தது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியது.

ஜப்பானிலிருந்து உதிரிப் பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி வரும் கார்களை விற்கும் கடை ஒன்று கூலாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் சீனர். எங்கள் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்ததுமே "டாக் அடா லா", இல்லவே இல்லை என்று கையை விரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்து, சாஆ என்ற ஊரில் ஒரு தமிழ் அம்மாவிடம் இதே கார் நிற்கிறது, மூன்று முறை போய்க் கேட்டேன், தர மறுத்துவிட்டார், நீங்கள் கேட்டுப் பாருங்கள் என்று மலாயில் சொல்லி வழியையும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்த அம்மா அப்போதுதான் தேவாலயத்திலிருந்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, வெட்டிய தலைமுடி, விறுவிறு நடை. எஸ்டேட் கிளினிக்கில் மருத்துவச்சியாக வேலை பார்த்தவர். கணவர் அதே எஸ்டேட்டில் கிராணி. கணக்கெழுதும் அவர் வாங்கிய காரைப் பெரும்பாலும் ஓட்டியது இவர்தானாம்.

"காரு குடுக்க மாட்டேன்மா. வாசல் வெறிச்சுன்னு ஆயிடும். சாமான் வேணும்னா கழட்டிக்குங்க, அதுக்கொண்ணும் இல்ல" என்றார்.

தார்ப்பாயை விலக்கினோம். சக்கரங்களில் காற்றில்லை. கதவைத் திறந்ததும் பழைய துணியும் டெட்டால் போன்ற ஏதோ ஒன்றும் கலந்த வாசனை வந்தது. என் கணவர் பின் கதவருகில் உட்கார்ந்து, கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கந்தல் துணியை நுழைத்து இரு பக்கமும் மாறி மாறி இழுத்தார். குதிரை லாடம் போன்ற சின்னக் கம்பி தெறித்து விழுந்தது. கைப்பிடி கையோடு வந்தது. நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். பல்பு மட்டும் இருந்தது. மூடி இல்லை.

"ஆண்ட்டி, இந்த லைட்டுக்கு மூடி இல்லீங்களா?"

"நாந்தான் கழட்டினேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறிப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்.

"பாலோ பக்கத்து எஸ்டேட்டு. மழ மாசம். ஒரு பொண்ணுக்கு மொதப் பிரசவம், மத்தியானம் வலி எடுத்துருச்சி. குளுவாங் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னு இந்தக் காருல ஏத்திட்டேன். பாலத்துக்கிட்ட போனா பாலமே தெரியல. திரும்பி வந்தா பின்னாடியும் தண்ணி. செம்பனை மரத்துக்கு நடுவுல மேடா ஒரு எடம் இருந்துச்சி, அங்க நிறுத்துனேன். நாலு மணிக்கே இருட்டு மாதிரி ஆயிருச்சி."

"டார்ச் லைட் இல்லியா?" என்று என் கணவர் கேட்டார்.

"இருந்துச்சி. நனஞ்சி போயி எரியல. இந்த லைட்டு ஒண்ணுதான். மூடியோட வெளிச்சம் பத்தல. தல வந்துருச்சி, கழுத்துல கொடி சுத்தியிருக்கு, எத்தன சுத்துன்னு பாக்கணும்ல? நகத்தால நெம்பி எடுத்துட்டேன். ரெண்டு சுத்து. மெதுவா எடுத்து விட்டேன். கொஞ்ச நேரம் அழல. அப்புறம் அழுதுச்சி."

அவர் அதைச் சொன்ன விதம், பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்வதுபோல இருந்தது. நான் அந்தப் பின் இருக்கையைப் பார்த்தேன். ஒரு பெண் கால் நீட்டிப் படுக்கக்கூட அதில் இடமில்லை. அதன் முன்னால் கால் வைக்கும் இடத்தில், முழங்கால் மடக்கி ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு குழி.

"பொறவு ஏன் மாட்டல?" என்று கேட்டேன்.

"மறுபடி எப்ப வேணும்னு யாருக்குத் தெரியும்? வேண்டித்தான் இருந்துச்சி. இன்னும் நாலு பிள்ளைங்க இதுல பொறந்துச்சி. அஞ்சுன்னும் சொல்லலாம், ஒண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல." கொஞ்சம் யோசித்தார். "தூக்கிப் போட்டிருக்க மாட்டேன். உள்ள பாருங்க."

டேஷ்போர்டுப் பெட்டி துருவேறி இறுகியிருந்தது. என் கணவர் திருப்புளியால் மெல்ல நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு பவுடர் டப்பா. டப்பாவுக்குள் புண்ணுக்குக் கட்டும் வலைத்துணிச் சுருள். அதைப் பிரித்தேன்.

மூடி என் உள்ளங்கையில் இருந்தது. மஞ்சள் இல்லை. கீறல் இல்லை. இரண்டு பக்கக் கொக்கிகளும் உடையாமல் இருந்தன. உள்பக்கம் முடியிழை போன்ற வரிகள் ஒன்றுகூடத் தேயாமல் வரிசையாக நின்றன. ஓரத்தில், அச்சுக்குள் பிளாஸ்டிக் பாய்ந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. அதன் அருகில் கண்ணை இடுக்கினால் மட்டுமே தெரிகிற '3' என்ற எண். அச்சின் மூன்றாவது குழியில் வார்த்தது என்று பொருள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட தழும்புகளைப் பார்க்கிறவள் நான். அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வெயில் படவில்லை, பல்பின் சூடு படவில்லை, அதனால்தான் கெடவில்லை என்று அவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னது சரிதான். ஆனால் பேசப் பேச, அந்த விளக்கம் சின்னதாகிக்கொண்டே போவதுபோல எனக்கே தோன்றியது. பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்ததால் கழற்றப்பட்டு, கழற்றப்பட்டதாலேயே பிழைத்த ஒரு பொருள். மூடியை அவரிடம் நீட்டினேன்.

"ஆண்ட்டி, இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு உதவுனது பல்பு. மூடி இல்ல" என்று என் விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அன்று மாலையே மாட்டினேன். என் கணவர் செய்கிறேன் என்றார்; நான் விடவில்லை. ஒரு கொக்கியை முதலில் நுழைத்து, மறுபக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. விசையைத் தட்டியதும் கூரைத் துணி முழுவதும் இளஞ்சூடான வெளிச்சம் பரவியது. இருவரும் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தோம்.

இரண்டு வாரம் கழித்துக் காரை சாஆவுக்கு ஓட்டிப் போனோம். அவர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, பாலோ பக்கம் போய் வரலாமா என்று கேட்டார். பாலம் இருந்த இடத்தில் இப்போது உயரமான கான்கிரீட் பாலம். அதைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். செம்பனை மரங்களெல்லாம் மறுபடி நட்டவை. ஒரே உயரம், ஒரே வரிசை.

"இங்கதான்" என்றார். பிறகு, "இல்ல, அந்தப் பக்கமோ என்னமோ."

தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் செருப்போடு சேற்றில் இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன். ஒரு மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். அன்று இங்கே பிறந்த அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டேன்.

"சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டுறானாம். நாப்பது மாடி உசரத்துல உக்காந்திருப்பானாம்" என்றார். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி, மட்டைகளுக்கு இடையே தெரிந்த வானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.