வலது தோளில் முந்தானை

காலை ஆறு நாற்பதுக்கு விருதுநகரில் சிவகாசிப் பேருந்து ஏறினேன். பையில், வீட்டுச் சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு படம், பழைய பள்ளி ஆண்டு மலரிலிருந்து வெட்டியெடுத்தது. மூன்று ஆசிரியைகள், நடுவில் அம்மா. இடது கன்னத்தில் மச்சம். எனக்கு இரண்டு வயதில் போனவளுக்கு வேறு படம் கிடையாது. பின்னால், வாசலைக் காட்டிக்கொண்டு ஒரு தேவாலயம், படத்தின் இடப்புறம். வலப்புறம் கிணறு. அவள் நின்ற மண்ணில் ஒருமுறை நிற்க வேண்டும். நாரணாபுரம் பக்கம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்குச் சிவகாசி. ஆட்டோக்காரர் மாரி, போக வர முந்நூறு ரூபாய் என்றார். நாலைந்து கிலோமீட்டர்தான். வழியெல்லாம் வெடிமருந்து வாசனை. ஊரில் தேவாலயம் இருந்தது, கிணறும் இருந்தது. ஆனால் வாசலைப் பார்த்து நின்றால் தேவாலயம் வலப்பக்கம், கிணறு இடப்பக்கம்.

“இந்த ஊர் இல்ல போலிருக்கு,” என்றேன்.

“கோயில் நடந்தா போயிருக்கும், அண்ணாச்சி? எங்க மதினி பிரஸ்ல கம்ப்யூட்டர்ல இருக்காக. படத்தைப் பெருசாக்கிப் பாப்போம், வாங்க.”

பதினொன்றரை. காலண்டர் சீசன், அச்சகத்தில் இயந்திர இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. மாரியின் மதினி செல்வி படத்தைத் திரையில் ஏற்றினார். ஒரு நிமிடம் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ஏன் அண்ணாச்சி, மூணு டீச்சரும் பேசி வச்சா வலது தோள்ல முந்தானை போட்டாக?”

பார்த்தேன். நாற்பத்தைந்து வருடமாகப் பார்த்த படம்.

“பிலிமைப் புரட்டி வச்சு அடிச்சிருக்காக. ஆர்டர் நெருக்கடியில எங்க தொழில்ல நடக்குறதுதான். எழுத்துன்னா உடனே தெரிஞ்சிரும். மூஞ்சி யாருக்குத் தெரியும்?”

விசையைத் தட்டினார். தேவாலயம் வலப்புறம் போனது. முந்தானை இடது தோளுக்கு வந்தது. மச்சம் வலது கன்னத்துக்கு நகர்ந்தது. திரையில் இருந்தவளை எனக்குத் தெரியவில்லை.

“என்ன அண்ணாச்சி, மொகம் வாடிப்போச்சு? டேய் மாரி, டீ வாங்கியாடா.”

மாலை நாலே முக்காலுக்கு மறுபடி நாரணாபுரம். செல்வி வேலைக்கு நடுவே நேராக்கி அச்செடுத்துக் கொடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு, தேவாலயமும் கிணறும் பொருந்தும்வரை பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தேன். பொருந்திய இடத்துக்கு முன்னால், அவள் நின்ற மண்ணில், தகரக் கொட்டகை, சைக்கிள் நிறுத்துகிறார்கள். இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே போய் நின்றேன்.

“ஒரு செல்ஃபி போடுவமா?”

“வேண்டாம் மாரி. அது புரட்டிக் காட்டும். நீங்களே எடுங்க.”

எடுத்தார்.

ஆறே காலுக்குத் திரும்புகிற பேருந்து. ஜன்னலோரம் இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சட்டத்துக்குள் இருந்தவளிடம்தான் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். சட்டத்தின் கண்ணாடியில் அந்த மச்சம் இருக்கும் இடம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கும். புதுத் தாளை முகத்தருகே கொண்டுபோனேன். விரல் பழைய கன்னத்துக்கே போனது. அங்கே மச்சம் இல்லை.

விரலைச் சற்று நகர்த்தி வைத்தேன்.