பூங்கா கேட்டு நான் எழுதிய மனு

எங்கள் நெசவாளர் தெரு முடிகிற இடத்தில் ஒரு புங்கந்தோப்பு இருந்தது. யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை. புதரும் கீரிப்பிள்ளையுமாகக் கிடந்தது. நெய்வதற்கு முன் நெடுக்குப் பட்டு இழைகளைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளுக்கு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். வெயில் பட்டால் பட்டு காய்ந்து இன்னும் அறும். ஆரணி வெயிலுக்கு அந்தத் தோப்பை விட்டால் எங்களுக்கு வேறு நிழல் கிடையாது.

அதை அழித்தது வேறு யாருமில்லை, நாங்களேதான். எழுபதுகளின் கடைசியில் தெருக்காரர்களுக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது. புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர் யாரோ "என்னங்க இது, காடு மாதிரி" என்றாராம். உடனே பூங்கா வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று நகராட்சிக்கு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மேதாவியல்லவா! ‘புதர் மண்டிய இவ்விடத்தைச் சீர்செய்து’ என்று எழுதினேன். எழுதிய கையை உடைக்க வேண்டும்.

எந்த மனுவுக்கும் லேசில் பதில் வராத ஊரில் இதற்கு மட்டும் வந்து தொலைத்தது. மூன்றே நாளில் மரங்களைச் சாய்த்தார்கள். சிமெண்ட் பெஞ்சு, கம்பிவேலி, குரோட்டன்ஸ் செடி, பெரிய பூட்டு. நானும் அப்பாவும் காலையில் பாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனபோது காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாங்க. செடி மிதிபட்டா எனக்குத்தான் பேஜாரு."

"பாவு நீட்டணுங்க" என்றேன்.

"பார்க்குல போய் பாவு நீட்டுவாங்களா? படிச்ச புள்ளயா இருந்துகினு இப்டி கேக்கிறியே!"

திறந்திருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? குரோட்டன்ஸ் முழங்கால் உயரம். அதன் நிழலில் ஒரு நாய்கூடப் படுக்க முடியாது.

அன்றிலிருந்து நடுத்தெருவில்தான் பாவு. அப்பாவுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இழை அறும், கூசும் கண்ணை இடுக்கிக்கொண்டு முடிச்சுப் போடுவார், போட்டு முடிப்பதற்குள் அடுத்தது அறும். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதரோ தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அதோ பார்க்கு தெரியுது பாருங்க, எம்புள்ள எழுதிக் குடுத்த மனுவாலதாங்க வந்துது."

"அப்பா, சும்மா இருங்க" என்று கத்தினேன்.

அவர் சிரித்துக்கொண்டே, நெற்றி வேர்வை பாவின் மேல் சொட்டிவிடாமல் துண்டால் துடைத்துக்கொண்டார்.