அத்தை யாருடன்

பிரிந்து போகிறவர்கள் நகைக்கும் பீரோவுக்கும் சண்டை போடுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டது அவருடைய அம்மாவுக்காக. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமியாரிடமிருந்து தப்பிக்கத்தான் பெண்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், நீ மாமியாரைக் கேட்டு வழக்காடுகிறாயே என்று என் அம்மாகூடக் கிண்டல் செய்தாள். அவளுக்கென்ன தெரியும்!

கல்யாணமாகி நான் போனது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் என் மாமியார், அதாவது அத்தை, இருந்த வீட்டுக்கு. அத்தை சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள். இங்கேயும் கொழுந்து பறிக்கிற வேலைதான். லைன் வீட்டை இன்றுவரை லயம் என்றுதான் சொல்வாள். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார். முதலில் வாராவாரம் வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு வந்தாலும் பேச்சில்லை. அடி உதை ஒன்றும் கிடையாது. எங்களுக்குள் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

பிரிவது என்று முடிவானபோது நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அத்தையோடேயே இருந்துவிட்டேன். காலையில் அவள் கொழுந்துக்கு, நான் குன்னூரில் மருந்துக் கடைக்கு. மழை நாளில் பஸ் தாமதமானால், நான் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். பெற்றவள்கூட எனக்காக அப்படி உட்கார்ந்ததில்லை. "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று திட்டிக்கொண்டேதான் சோறு போடுவாள். அந்தத் திட்டு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அத்தை ரிடையராகும் காலம் வந்தது. வேலை முடிந்தால் லைன் வீட்டை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா என்னோடு திருப்பூருக்கு வரட்டும் என்றார் அவர். நானோ குன்னூரில் எங்கள் இருவருக்குமாக வாடகை வீடு பார்த்துவைத்திருந்தேன். அவர் பெற்ற பிள்ளை. விவாகரத்து ஆகிவிட்டால் எனக்கு அத்தை யார்?

எங்கள் வழக்கை ஊட்டியில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வக்கீலம்மா. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான், இங்கே பேசுவது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நகை, பாத்திரம் எல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அத்தையிடம் வந்து வண்டி நின்றது.

"அத்தை என்கூட இருக்கட்டுங்க. ஆனா இவரு என் வாசப்படிய மிதிக்கக் கூடாதுங்க" என்றேன்.

"பாத்தீங்களா மேடம், பெத்த அம்மாவைப் புடிச்சு வெச்சுக்கிட்டு என்னையத் தொரத்தறா."

"அம்மா இருக்காங்களா செத்தாங்களான்னு மாசக்கணக்கா ஒரு போன் பண்ணாதவரு பேசறாருங்க!"

அவர் பதிலுக்குக் கத்த, நான் எழுந்து நிற்க, வக்கீலம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் அவரை. நான் வராந்தாவுக்கு வந்தேன். அத்தை அங்கே பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்த டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உன் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது புள்ள" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் முறை வந்தது. "அவர் சம்மதிச்சதாலதான் இதை உங்ககிட்டச் சொல்றேன்" என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். "உங்களுக்கு என்ன பயம்னு அவர்கிட்டக் கேட்டேன். 'அம்மா அவ ஊட்டுல இருந்தா லீவுக்கு நான் எந்த ஊட்டுக்குங்க போறது?'ன்னு கேட்டார்."

கடை சாத்திய பிறகு நான் எந்த வீட்டுக்குப் போவது என்றுதானே நானும் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். அந்த ஆளுக்கும் அதே பயமா? "எனக்கும் அதேதாங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அழுது முடிக்க விட்டு, அவரையும் உள்ளே கூப்பிட்டார். "ரெண்டு பேரும் அவங்களுக்காகத்தான் பேசறீங்க. அவங்களை யாராச்சும் கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டார்கள். கேரியரைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தாள்.

"திருப்பூர் வெக்கையில என்னால இருக்க ஏலாது. நான் இந்தப் புள்ளகூடத்தான் இருப்பேன்" என்றாள். நான் மூச்சுவிடுவதற்குள் என் பக்கம் திரும்பினாள். "ஆனா என் மகன் வரக் கூடாத வீட்டுல எனக்கும் சோறு வேணாம். அவன் வந்தா ஒரு வாய் திங்கணும். ஏலாதுன்னா சொல்லு, நான் தனியா ஒரு ரூம்பு பாத்துக்கிறேன்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் நான். வரக் கூடாது என்று சபையில் சொன்ன வாயால் வரட்டும் என்று எப்படிச் சொல்வது? அவரைப் பார்த்தேன். ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருந்தார். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தக் குளிர் மறந்துபோகும்படி ஆகிவிட்டதே என்று, இத்தனை நாள் இல்லாமல், பாவமாக இருந்தது.

"வரட்டுங்க" என்றேன். "மொத நாளே போன் பண்ணச் சொல்லுங்க." வீறாப்பை ஒரேயடியாக விட முடியுமா?

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

குன்னூர் வீட்டுக்குக் குடிபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி முதல் நாளே போன் பண்ணிவிட்டு வந்தார். கையில் அத்தைக்கு ஒரு புடவை. எனக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் ஒரு பாக்கெட் முறுக்கு. நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, கம்பெனியில் சாப்பாடு எப்படி, ஏன் இளைத்துவிட்டாய் என்று திட்டிக்கொண்டே போட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்தத் திட்டு அவருக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிட்டார். அத்தை உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்து, "அடுத்த மாசம் வரட்டுங்களா?" என்றார்.

கூட வாழ்ந்த காலத்தில் என்னை ஒருநாளும் ங்க போட்டுப் பேசியதில்லை. யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதுபோல, பெற்ற தாயைப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்கிறார்.

"உங்கம்மாவைப் பாக்க என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன். "இது உங்க அம்மா இருக்கற ஊடு. நெனச்சப்ப வாங்க."

அவர் செருப்பை ஓரமாகப் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

"அம்மா, நான் கடைசி பஸ்ஸுக்குப் போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அத்தையின் பாயிலேயே படுத்துக்கொண்டார்.